புதுக் கணினித் திரையில் மஞ்சள் படர்ந்திருந்தால்: கடைக்குக் கொண்டுபோக முன் செய்யவேண்டியவை

புதுக் கணினியைப் பூட்டி, வேர்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்ததும் மேற்பாதி வெள்ளையாகவும் கீழ்ப்பாதி மஞ்சளாகவும் தெரிகிறது. அல்லது முழுத் திரையிலும் இளஞ்சிவப்பு ஓடியிருக்கிறது. அல்லது ஒரு மூலை மட்டும் பழுப்பாக நிற்கிறது. விற்றவரைக் கேட்டால் “செற்றிங்ஸைப் பாருங்கோ, சரியாகும்” என்பார். சில வேளை அது உண்மை. பல வேளை அந்தப் பேச்சிலேயே மாற்றித் தரும் நாட்கள் கடந்துவிடும்.

வன்னியில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ வாங்கினாலும், உத்தரவாதத் திருத்தம் பெரும்பாலும் கொழும்பு முகவரிடம்தான் நடக்கிறது. பெட்டி ஏ9 வீதியால் போய்த் திரும்பி வரவேண்டும். ‘பழுதேதும் காணப்படவில்லை’ என்ற துண்டோடு அதே மொனிற்றர் திரும்பி வந்தால் போன காலமும் கூலியும் நட்டம்தான். ஆகவே நிறம் எங்கே கெடுகிறது என்பதை வீட்டிலேயே பிரித்தறிந்து, அத்தாட்சியோடு கடைக்குப் போகவேண்டும்.

முழுத் திரையும் ஒரே அளவாக நிறம் மாறியிருந்தால் அது பெரும்பாலும் திருத்தக்கூடியது. ஒரு பகுதி மட்டும் மாறியிருந்தால் எந்தச் செற்றிங்ஸாலும் சரிவராது, மாற்றித்தான் எடுக்கவேண்டும். இடத்துக்கிடம் நிறத்தைச் சமன்செய்யும் வசதி ஸ்ரூடியோ வேலைக்கென்றே செய்த, விலைகூடிய சில மொனிற்றர்களில் மட்டுமே இருக்கிறது. உங்கள் பழுது இவ்விரண்டில் எது என்று கண்டுபிடிக்கத்தான் கீழே வரும் சோதனைகள் எல்லாம்.

நிறம் ஏன் மாறுகிறது

எல்சிடி திரை தானாக ஒளி விடுவதில்லை. அதன் பின்னால் வெள்ளை எல்ஈடி விளக்குகள் இருக்கின்றன. அந்த வெள்ளையும் கலவை வெள்ளைதான்: நீல ஒளி தரும் சிறு சில்லின் மேல் மஞ்சள் பொஸ்பர் பூசியிருப்பார்கள், நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சுக் கூடினால் வெள்ளை மஞ்சள் பக்கம் சாயும், குறைந்தால் நீலப் பக்கம் சாயும். தொழிற்சாலையில் இவற்றை நிற வாரியாகத் தரம் பிரித்தாலும், மலிவான மொனிற்றர்களுக்கு அந்த எல்லையைத் தாராளமாக வைத்துக்கொள்வார்கள்.

மேசைக் கணினி மொனிற்றர்கள் பலவற்றில் இந்த விளக்குகள் ஒரு விளிம்பில் மட்டும் வரிசையாக இருக்கும். அங்கிருந்து ஒளி ஒரு பிளாஸ்ரிக் தகட்டுக்குள்ளால் மறு விளிம்புவரை பயணம் செய்யவேண்டும். போகும் வழியில் நீலம் சற்றுக் கூடுதலாகத் தேயும். தூர விளிம்பு மஞ்சளாகும். தகடோ அதன் மேலிருக்கும் பரப்பித் தாள்களோ சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 2009 இறுதியில் வெளிவந்த 27 அங்குல ஐமாக் கணினிகளில் திரை மஞ்சளடிக்கிறதென்று பல நாடுகளில் வாங்கியவர்கள் முறைப்பட்டார்கள். விலைகூடிய பொருளென்றால் இது வராது என்று எண்ணவேண்டாம்.

வன்னிப் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் இரண்டு காரணங்களை இங்கேயே ஒதுக்கிவிடலாம். ஒன்று, கரண்ட் கூடிக்குறைவதால் மஞ்சளாகிறது என்பது. மொனிற்றரின் பவர் பகுதி 100 முதல் 240 வோல்ற் வரை எதை வாங்கினாலும் உள்ளே ஒரே அளவாக்கித்தான் எல்ஈடிக்குக் கொடுக்கிறது. வோல்ற்றேஜ் குழப்பத்தால் மொனிற்றர் அணைந்து எரியலாம், எரிந்தே போகலாம். கீழ்ப்பாதி மட்டும் மஞ்சளாகாது. மற்றது, பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தது. காந்தத்தால் நிறம் கெட்டது பழைய குழாய்த் திரைகளில். எல்சிடிக்கு அது பொருந்தாது.

சோதிக்க முன்

குளிரூட்டிய கடையிலிருந்து கொண்டுவந்த பெட்டியை உடனே திறக்காமல் 2 மணித்தியாலம் அப்படியே விடுங்கள். மாரி காலத்து ஈரக்காற்றில் குளிர்ந்த திரை வியர்க்கும்.

முன்பக்கத்தில் ஒட்டிவரும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை உரித்துவிடுங்கள். கிரவல் வீதியோரத்து வீடுகளில் செம்மண் தூசிக்குப் பயந்து அதை விட்டுவைக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தத் தாளே நிறத்தை மாற்றும். உத்தரவாத ஸ்ரிக்கர் வேறு, இந்தத் தாள் வேறு. தாளை உரிப்பதால் உத்தரவாதம் போகாது.

மொனிற்றரைப் போட்டு 30 நிமிடம் எரியவிடுங்கள். எல்ஈடியும் தகடும் சூடேறி நிலைக்கு வர அவ்வளவு நேரம் எடுக்கும். போட்டவுடன் தெரியும் நிறம் கணக்கில் இல்லை. வெளிச்ச அளவைப் பாதியில் வையுங்கள்.

அறையின் வெளிச்சமும் ஏமாற்றும். நீலத் தறப்பாளுக்கோ பச்சைக் கூரைத் தகட்டுக்கோ கீழே இருக்கும் அறையில் பகலில் திரையைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. இரவில், விளக்குகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண் உயரம் திரையின் நடுவுக்கு நேராகவும், தூரம் 60 முதல் 70 செ.மீ. வரையும் இருக்கட்டும். தாழ்ந்த கதிரையில் இருந்து மேலே பார்த்தால், ரிஎன் (TN) எனும் மலிவு எல்சிடி வகைத் திரை எதுவாக இருந்தாலும் மேலும் கீழும் வெவ்வேறு நிறமாகத்தான் தெரியும். அது பழுதல்ல, அந்த வகையின் இயல்பு. ஆகவே கீழ்ப்பகுதி மஞ்சளாகத் தெரிந்தால், முதலில் தலையைத் தாழ்த்தி அந்தப் பகுதிக்கு நேரே கண்ணை வைத்துப் பாருங்கள். மஞ்சள் மறைந்துவிட்டால் அது பார்வைக் கோணம். மறையாவிட்டால் மேலே தொடருங்கள்.

கணினியா, கேபிளா, திரையா?

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். மொனிற்றரின் கீழோ பின்னாலோ இருக்கும் பட்டனை அழுத்தினால் வெளிச்சம், நிறம் ஆகியவற்றை மாற்றும் மெனு திரையில் வரும். அந்த மெனுவைக் கணினி அனுப்புவதில்லை; மொனிற்றர் தானே வரைகிறது. வெள்ளைப் பக்கத்தின் மேல் அந்த மெனுவைத் திறந்து, அதன் வெள்ளை எழுத்தைப் பாருங்கள். பக்கம் மஞ்சள், மெனு எழுத்து வெள்ளை என்றால் கோளாறு பெரும்பாலும் கணினியிலோ கேபிளிலோ இருக்கிறது. இரண்டும் மஞ்சள் என்றால் மொனிற்றரில். அடுத்து, கேபிளை மொனிற்றரிலிருந்து கழற்றுங்கள். ‘சிக்னல் இல்லை’ என்ற பெட்டி வரும். சில மொனிற்றர்களில் அது திரை முழுவதும் நகர்ந்துகொண்டிருக்கும். இடத்துக்கு இடம் அதன் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள்.

பிறகு கணினியை மீண்டும் ஸ்ராற் செய்து, விண்டோஸ் ஏற முன் திறக்கக்கூடிய பயோஸ் திரைக்குப் போங்கள். பல கணினிகளில் அதற்கு டெலீற் அல்லது எஃப்2 அழுத்தவேண்டும். அங்கே விண்டோஸ் இல்லை, இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் இல்லை, மொனிற்றருக்கேற்ப நிறத்தை மாற்றும் நிறக் கோப்பு இல்லை. பயோஸில் சரியாக இருந்து விண்டோஸில் மட்டும் நிறம் மாறினால் மென்பொருள்தான் காரணம். பெட்டி கட்டத் தேவையில்லை.

முடிவாக மாற்றிப் பூட்டிப் பாருங்கள். அதே மொனிற்றரை வேறு கணினியிலோ மடிக்கணினியிலோ பூட்டுங்கள். அதே கணினியை வேறு மொனிற்றரிலோ ரீவியிலோ பூட்டுங்கள். நிறக் கோளாறு எதோடு சேர்ந்து போகிறதோ அதில்தான் பழுது. திரையும் கணினியும் ஒன்றாக வரும் ஓல்-இன்-வன் வகையில் கேபிளைக் கழற்ற முடியாது. அதற்கு எச்டிஎம்ஐ வெளியீடு இருந்தால் ரீவி ஒன்றைப் பூட்டிப் பாருங்கள். ரீவியில் நல்ல வெள்ளை, சொந்தத் திரையில் மஞ்சள் என்றால் திரையோ உள்ளிருக்கும் பட்டைக் கேபிளோதான் பழுது. முதுகைத் திறந்து பார்க்கவேண்டாம்; சீல் ஸ்ரிக்கர் கிழிந்தால் உத்தரவாதம் முடிந்தது.

வீஜிஏ கேபிள்

மலிவு மொனிற்றர்களோடு இன்னும் நீலத் தலை வைத்த வீஜிஏ கேபிள் வருகிறது. முழுத் திரையும் கடும் நிறமாக மாறுவதற்கு அது முதலாவது சந்தேகநபர். இந்தக் கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசியால் போகின்றன. ஒன்று தொடுகையை இழந்தால் மற்ற இரண்டும் சேர்ந்த நிறம்தான் மிஞ்சும். சிவப்புப் போனால் வெள்ளை இளநீலப்பச்சையாகும். பச்சை போனால் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். நீலம் போனால் பளிச்சென்ற மஞ்சளாகும்.

கணினியை அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றி, ஊசிகள் உங்களைப் பார்க்க, அகலமான பக்கம் மேலே இருக்கப் பிடியுங்கள். வரிசைக்கு 5 ஆக 3 வரிசை. மேல் வரிசையில் இடமிருந்து முதலாவது சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். நடு வரிசையில் அவற்றுக்கு நேர்கீழே மூன்றுக்கும் உரிய எர்த் ஊசிகள். இவற்றில் ஏதாவது வளைந்தோ உள்ளே அமிழ்ந்தோ இருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பாருங்கள். நடு வரிசையில் நாலாவது, அதாவது 9ஆம் ஊசி பல கேபிள்களில் இருக்காது. 4ஆம், 11ஆம் ஊசிகளும் சிலவற்றில் இருக்காது. அவை தயாரிப்பிலேயே விட்டவை, உடைந்தவையல்ல. வளைந்த ஊசியை நிமிர்த்த, எழுதி முடிந்த போல்பேனை ரீபிலின் முனையைக் கழற்றிவிட்டு, வெறுங்குழாயை ஊசியில் செருகி மெதுவாக ஒரே தடவையில் நிமிர்த்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் முறியும். செருகியபின் இரண்டு பக்கத் திருகுகளையும் இறுக்குங்கள். இறுக்காமல் விட்டால் நிறம் போய்ப் போய் வரலாம். மொனிற்றர் மெனுவில் ‘ஓட்டோ கலர்’ என்ற தெரிவு இருந்தால், வெள்ளைப் பக்கம் ஒன்று திரையில் நிற்கும்போது அதைக் கொடுங்கள்.

எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் இரண்டும் எண்ணாக அனுப்புபவை. அவற்றின் கேபிள் பழுதானால் பெரும்பாலும் புள்ளிப் புள்ளியாக மின்னும், அல்லது படமே அற்றுப்போகும். மெல்லிய மஞ்சள் சாயலுக்கு அந்தக் கேபிளைக் குற்றஞ்சொல்லிப் புதுக் கேபிள் வாங்கிக் காசைக் கரைக்கவேண்டாம். வீஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டு துளையும் இருக்கும் மொனிற்றரென்றால் எச்டிஎம்ஐயையே பாவியுங்கள்.

விண்டோஸ் செய்யும் குழப்பங்கள்

முழுத் திரையும் இளமஞ்சளோ செம்மஞ்சளோ ஆகியிருந்தால் செற்றிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போய் நைட் லைட் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொழுது சாய்ந்தபின் மட்டும் மஞ்சளாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். ஸ்கிறீன்ஷொட் எடுத்து இதைப் பிடிக்க முடியாது; நைட் லைட்டின் நிறம் படத்தில் விழாது. அக்சஸிபிலிற்றி பகுதியில் கலர் பில்ரரும் அணைந்திருக்கவேண்டும். எச்டிஆர் என்ற தெரிவு இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். மலிவு மொனிற்றரில் எச்டிஆர் போட்டால் எல்லாம் வெளிறிப்போகும்.

படங்களைத் திறக்கும்போது மட்டும் பின்புலம் மஞ்சளடிக்கிறது, இணையப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது என்றால் பிழையான நிறக் கோப்பு ஏறியிருக்கிறது. மொனிற்றரின் டிறைவரோடு அது தானாக வந்துவிடும். ஸ்ராற் மெனுவில் ‘கலர் மனேஜ்மென்ற்’ என்று தேடித் திறங்கள். டிவைசஸ் பக்கத்தில் உங்கள் மொனிற்றரைத் தெரிந்து, ‘இந்தச் சாதனத்துக்கு என் அமைப்பைப் பாவி’ என்ற பொருள்படும் பெட்டியில் சரி போடுங்கள். அட் பட்டனால் எஸ்ஆர்ஜிபி ஐஈசி 61966-2.1 என்பதைச் சேர்த்து, அதையே டிபோல்ற் ஆக்குங்கள். விண்டோஸை மீண்டும் ஸ்ராற் செய்யுங்கள்.

கறுப்பு சாம்பலாகி எல்லாமே வெளிறித் தெரிந்தால் அது வேறு விடயம். எச்டிஎம்ஐயில் சில கிராபிக்ஸ் காட்டுகள் மொனிற்றரை ரீவி என்று எண்ணி 0 முதல் 255 வரையான முழு வீச்சுக்குப் பதிலாக 16 முதல் 235 வரையான வீச்சை அனுப்பும். என்விடியா, இன்ரெல், ஏஎம்டி எதுவானாலும் அதனதன் கிராபிக்ஸ் செயலியில் நிற வீச்சை ‘புல்’ என்றும் நிற வடிவத்தை ஆர்ஜிபி என்றும் மாற்றுங்கள். சிறிய எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிவதும் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடும்.

மொனிற்றரின் சொந்த மெனுவையும் விடாதீர்கள். லோ புளூ லைற், ரீடர், ஐ சேவர் என்று பல பெயரில் கண்ணுக்கு இதமான நிலை ஒன்று வரும். பெட்டியிலிருந்து வரும்போதே சிலவற்றில் அது போட்டிருக்கும். மெனுவில் பக்ரறி றீசெற் கொடுத்து, கலர் ரெம்பறேச்சரை நோர்மல் அல்லது 6500கே என்பதில் வையுங்கள்.

சாம்பல் சோதனை

மேலே சொன்ன எதிலும் அகப்படாமல் மஞ்சள் நிற்கிறதென்றால், இனி அது திரை முழுவதும் ஒரே அளவா, இடத்துக்கிடம் வேறா என்று பார்க்கவேண்டும். வெள்ளையைவிடச் சாம்பல் நிறம் இதை நன்றாகக் காட்டும். நடு வெளிச்சத்தில் சிறு நிறச் சாய்வையும் கண் பிடித்துவிடும். கடும் வெள்ளையில் கூசிப்போகும்.

பெயின்ற் செயலியைத் திறந்து படத்தின் அளவை 1920க்கு 1080 என்று கொடுங்கள். உங்கள் திரையின் அளவு வேறென்றால் அந்த அளவு. எடிற் கலர்ஸ் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 128 என்று எழுதி, வாளியால் முழுவதையும் நிரப்புங்கள். பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். இதேபோல் மூன்றும் 255 (வெள்ளை), மூன்றும் 200, மூன்றும் 25, மூன்றும் 0 (கறுப்பு) என்று இன்னும் நான்கு. போட்டோஸ் செயலியில் திறந்து எஃப்11 அழுத்தினால் முழுத் திரைக்கு வரும்.

128 சாம்பலை நிறுத்திவிட்டு 2 மீற்றர் பின்னால் போய்ப் பாருங்கள். கிட்டே இருந்து தெரியாத படர்வு தூரத்தில் தெரியும். கண் எந்த நிறத்துக்கும் சில நிமிடத்தில் பழகிவிடும் என்பதால் நெடுநேரம் உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. பார்வையை வேறெங்காவது திருப்பிவிட்டு மீண்டும் சட்டென்று பாருங்கள். சந்தேகம் நீங்காவிட்டால் ஒரு கறுப்பு மட்டையில் தீப்பெட்டி அளவில் இரண்டு துளை வெட்டி, ஒன்று திரையின் மேற்பகுதியிலும் மற்றது கீழ்ப்பகுதியிலும் வரத் திரையில் முட்டாமல் பிடியுங்கள். நடுவில் இருக்கும் படிப்படியான மாற்றம் மறைந்து இரண்டு துண்டும் தனித்தனியே தெரியும்போது மஞ்சள் எது, வெள்ளை எது என்பதில் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது.

இன்னொரு உறுதிப்படுத்தல்: டிஸ்பிளே செற்றிங்ஸில் ஓரியன்ரேசன் என்பதில் படத்தைத் தலைகீழாக்குங்கள். மஞ்சள் படத்தோடு சேர்ந்து மேலே போனால் கணினி. படம் தலைகீழாகியும் மஞ்சள் கீழேயே நின்றால் திரை. கடைக்காரருக்கு இதைக் காட்டினால் விவாதம் அத்தோடு முடியும்.

25 சாம்பலிலும் கறுப்பிலும் மூலைகளைப் பாருங்கள். ஐபிஎஸ் (IPS) எனும் எல்சிடி வகைத் திரையில் மூலையில் தெரியும் வெளிறிய ஒளி தலையை அசைக்கும்போது அசைந்தால் அது அந்த வகையின் இயல்பு. அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் பின்னொளிக் கசிவு. சட்டம் இறுகப் பூட்டப்பட்டதாலோ வழியில் பெட்டி அமுங்கியதாலோ வருவது. வட்டமாக வெள்ளைப் பொட்டு நின்றால் உள்ளிருக்கும் தாள்கள் அமுங்கியிருக்கின்றன. விரலால் அழுத்தித் தேய்த்தால் போகும் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள்; இன்னொரு பொட்டு சேரும்.

எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது? நான்கு மூலையும் ஓரங்களும் நடுவைவிடச் சற்று மங்கலாக இருப்பது எல்லா மலிவு மொனிற்றரிலும் உண்டு. தட்டச்சு, போட்டோக்கொப்பி, இணைய விண்ணப்பம் என்று நடத்தும் கொமினிகேசனுக்குச் சிறிய மஞ்சள் சாயல் ஒரு பொருட்டல்ல. கலியாண, சாமத்தியவீட்டு அல்பம் செய்யும் ஸ்ரூடியோவுக்கு அதே சாயல் நேரடி நட்டம்: மணமகளின் முகம் திரையின் கீழ்ப்பாதியில் மஞ்சளாகத் தெரிய, அதை நீலமாக்கித் திருத்தி அச்சுக்கு அனுப்பினால் தாளில் முகம் சாம்பலாகத்தான் வரும். 128 சாம்பலில் மேலும் கீழும் வெவ்வேறு நிறம் என்று முதற்பார்வையிலேயே தெரிந்தால், என்ன வேலைக்கு வாங்கினாலும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். புதுப் பொருளுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

பிக்சல் பழுதை இத்தோடு குழப்பிக்கொள்ளவேண்டாம். 1920க்கு 1080 திரையில் 20 இலட்சத்துக்கு மேல் பிக்சல்கள் உள்ளன. ஒன்றிரண்டு செத்திருந்தால் பல நிறுவனங்கள் மாற்றித் தரா. அந்த எண்ணிக்கை விதி புள்ளிகளுக்கு மட்டுமே உரியது. “ஒன்றிரண்டு பிழை இருக்கலாம் என்று கொம்பனியே சொல்லியிருக்கிறது” என்று நிறப் படர்வுக்கும் அதைக் காட்டினால் ஏற்கவேண்டியதில்லை.

ஒரே அளவான சாயலைத் திருத்துவது

திரை முழுவதும் ஒரே மஞ்சள் என்றால் மொனிற்றர் மெனுவில் கலர் ரெம்பறேச்சரை யூசர் என்பதற்கு மாற்றுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே வரும். மஞ்சள் என்றால் நீலம் போதவில்லை. நீலம் ஏற்கெனவே உச்சியில் இருந்தால் கூட்ட இடமில்லை. சிவப்பையும் பச்சையையும் இரண்டிரண்டாகக் குறையுங்கள். இளஞ்சிவப்பு அடித்தால் பச்சை போதவில்லை, மற்ற இரண்டையும் குறையுங்கள். 128 சாம்பலைத் திரையில் வைத்து, இரவு நிலை அணைத்த நல்ல கைபேசியில் அதே படத்தைத் திறந்து, வெளிச்சத்தைச் சமமாக்கி அருகருகே ஒப்பிடுங்கள். கைபேசியின் நிறத் தெரிவு ‘நச்சுரல்’ என்பதில் இருக்கட்டும். ‘விவிட்’ நீலம் கூட்டும். உச்சியிலிருந்து 15க்கு மேல் குறைக்கவேண்டி வந்தால் திரை மங்கிவிடும். அவ்வளவு தேவைப்படும் புது மொனிற்றரை வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுப்பது நல்லது. அச்சுக்கு வேலை செய்பவர்கள் அளவுக் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து முறையாக அளந்தெடுக்கவேண்டும். கைபேசி ஒப்பீடு அவர்களுக்குப் போதாது.

அத்தாட்சி

கைபேசிக் கமரா வெள்ளைச் சமநிலையைத் தானாகச் சரிசெய்து மஞ்சளை மறைத்துவிடும். “போட்டோவில தெரியேல்லையே” என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல, அவர் பார்த்த படத்தில் தெரியாது. புரோ மோட் திறந்து வெள்ளைச் சமநிலையை 5500 அல்லது 6500 என்று நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ 100 முதல் 200. ஷட்டர் 1/30 அல்லது 1/60, அதைவிட வேகமானால் பட்டை பட்டையாக விழும். கைபேசியைத் திரைக்கு நேர் நடுவில் நிமிர்த்தி வைத்து, மேல் கீழ் இரண்டும் ஒரே படத்தில் வர எடுங்கள். இன்னொரு நல்ல மொனிற்றரை அருகில் வைத்து அதே சாம்பலைக் காட்டி எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது.

முறைப்பாட்டைக் குறுக்கமாக எழுதுங்கள். ‘திரை சரியில்லை’ என்று எழுதினால் திருத்துநர் மின்னைக் கொடுத்து, நிலக்காட்சிப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவார். இப்படி எழுதுங்கள்: “திரையின் கீழ் மூன்றிலொரு பகுதி மஞ்சள். 128 சாம்பல் படத்தில் தெளிவாகத் தெரியும். எச்டிஎம்ஐ, வீஜிஏ இரண்டிலும், மொனிற்றரின் சொந்த மெனுவிலும், வேறு கணினியிலும் அதே இடத்தில் நிற்கிறது. 30 நிமிடம் எரிந்தபின் பார்க்கவும்.” சாம்பல் படங்களை ஒரு பென் டிறைவில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

கடையும் சட்டமும்

வாங்கி ஓரிரு நாளுக்குள் போங்கள். கடையின் கையிருப்பில் இருந்து நேரே மாற்றித் தர அப்போதுதான் அவருக்கும் இலகு. நாள் போனால் “கொழும்புக்கு அனுப்பிப் பார்ப்பம்” என்பதே பதிலாகும். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, மொனிற்றர் முதுகிலும் பெட்டியிலும் உள்ள தொடரிலக்கம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சீட்டில் அச்சடித்திருந்தாலும் உத்தரவாதம் உத்தரவாதம்தான். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருள் பற்றிய முறைப்பாட்டை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை விசாரிக்கும். வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும்; கடைக்காரர் இழுத்தடிக்கும்போது இந்த எல்லையை மறந்துவிடாதீர்கள். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. கடிதத்தில் வாங்கிய திகதி, சீட்டிலக்கம், மொடல், தொடரிலக்கம், கடைக்குச் சொன்ன திகதிகள், அவர்கள் சொன்ன பதில், மேலே எழுதிய அந்த நான்கு வரி, படங்கள் எல்லாம் இருக்கட்டும். பெரும்பாலும் கடிதத்தின் பிரதியைக் கடைக்காரர் கண்டாலே காரியம் நடந்துவிடும்.

ஓல்-இன்-வன் கணினியைக் கொடுப்பதென்றால், முன்பே எல்லாக் கோப்புகளையும் வெளியே எடுத்துவிட்டு, விண்டோஸை றீசெற் செய்து வெறுமையாக்கிக் கொடுங்கள். கடவுச்சொல்லை எழுதிப் பெட்டியில் ஒட்டவேண்டாம்.

பெட்டி கட்டும்போது வந்த ரெஜிபோம் அதே பக்கத்துக்கு அதே துண்டாக வரட்டும். திரை நிமிர்ந்து நிற்கவேண்டும்; படுக்கவைத்து மேலே சாமான் ஏற்றினால் மஞ்சளோடு அமுங்கல் பொட்டும் சேர்ந்து, “உங்கட கையில உடைஞ்சது” என்ற பதில் வரும். பஸ்ஸின் பின் டிக்கியிலும் மோட்டார்சைக்கிளின் பின்னாலும் கட்டாதீர்கள். ஓட்டோவில் இருக்கையில் நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொண்டு போவது பாதுகாப்பு.

அதுவரை திரையைத் துடைப்பதென்றால் மைக்குரோபைபர் துணியும் வடித்த நீரும் மட்டும். ஸ்பிரிற்று, சனிற்றைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் மூன்றும் மேற்பூச்சை உரித்து நிரந்தரக் கறை போடலாம், உத்தரவாதத்தையும் கெடுக்கலாம். வெயில் படும் யன்னலோரத்திலும், பங்குனி சித்திரையில் நேரடித் தகரக் கூரையின் கீழும் வைக்காதீர்கள். பல மொனிற்றர்களின் கையேட்டில் இயங்கும் வெப்பத்தின் மேலெல்லை 40 பாகை சதமம் என்றுதான் இருக்கும்.

மாற்றித் தரும் மொனிற்றரைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அதே தொகுதியில் வந்த அடுத்ததிலும் அதே பழுது இருக்க இடமுண்டு. கடை மேசையிலேயே பூட்டச் சொல்லி, பென் டிறைவில் இருக்கும் 128 சாம்பலையும் வெள்ளையையும் கறுப்பையும் போட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலம் எரியவிட்டுப் பார்க்க அவகாசம் கேளுங்கள். சரியென்று கண்டபின் புதிய தொடரிலக்கத்தை உத்தரவாத அட்டையில் எழுதுவித்து, மாற்றிய திகதியும் கடை முத்திரையும் இட்டு வாங்குங்கள். பழைய இலக்கம் இருக்கும் அட்டை அடுத்த தடவை செல்லாது.